முதலாம் விருப்பம்

வர்த்தமானி வந்து பதினொரு நாள்.
விண்ணப்பத்தில் மூன்று கோடுகள்
இன்னும் வெறுமையாய்க் கிடக்கின்றன:
முதலாம் விருப்பம், இரண்டாம், மூன்றாம்.
பல்கலைக்கழக வாசலுக்கு
ஒரு விரற்கடை குறைந்துபோன என் இசட் புள்ளியைப் பற்றி
இப்போது வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

டிலக்சிகா பாசையூரிலிருந்து
இருபாலை வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்தாள்.
கூடைக்குள் உயர்தரக் கணக்குக் கொப்பி,
அதிலும் கொஞ்சம் மீன் மணம்.
அதன் கடைசிப் பக்கத்தில் அட்டவணை போட்டோம்.
அடிமட்டம் இல்லை.
சீப்பின் முதுகை வைத்துக் கோடு கீறினாள்.

கோப்பாய். வவுனியா. பத்தனை.
தூரம், தண்ணீர், சாப்பாடு, குளிர்,
கட்டிலுக்கு மேலே நுளம்புவலை கொழுவ ஆணி இருக்குமா,
வெள்ளைச் சேலை எங்கே கெதியாய்க் காயும்.

பத்தனைக்கு ஒரு கம்பளிச் சட்டை என்று எழுதி
விலைக்குக் கேள்விக்குறி போட்டோம்.
வவுனியாவுக்கு ரயில் இருக்கிறது;
யன்னலோரம் கிடைத்தால் என்று அரைப் புள்ளி.
கோப்பாய்
எங்கள் படலையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிசம்.
ஆனாலும் விடுதியில்தான் தங்க வேணுமாம்.
"உங்கட நாய் குரைக்கிறது கேட்கும்,
சோறுதான் வைக்கேலாது" என்றாள்.
இதற்குப் புள்ளி கூட்டுவதா கழிப்பதா
என்று தெரியாமல் அந்தப் பெட்டியை விட்டுவிட்டோம்.

அம்மாவின் அட்டவணையில் ஒரே நிரல்: கிட்ட.
அப்பாவுக்கோ, படிப்பு முடிய எங்கே போடுவாங்கள்,
துணுக்காயா, நெடுந்தீவா,
கடல் அடிக்கிற நாளில் படகு ஓடுமா.
முன்வீட்டு மாமிக்கு மூன்றும் ஒன்றுதான்.
"ரீச்சர் எண்டால் சீதனம் பாதி, பிள்ளை."

பிறகுதான் டிலக்சிகா
அடியில் இன்னொரு வரி சேர்த்தாள்:
அங்கே படித்து வந்தவர்கள் எப்படி?

பின்னம் விளங்காமல் முழித்த எனக்கு
றோஸ் பாணை எட்டாக வெட்டி
கடைசித் துண்டைக் கையில் தந்த ரீச்சர்
கோப்பாயில் படித்தவ.
சப்பாத்து இல்லாமல் வந்த விதுசனை
இரண்டு பாடவேளை வெய்யிலில் நிறுத்தியவவும் கோப்பாய்.
அதே வருசம். அதே விடுதி. பக்கத்துக் கட்டிலாம்.
வவுனியாவில் படித்த விஞ்ஞான ரீச்சர்
கரும்பலகையில் இதயம் கீறி முடித்தால்
தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பா,
நாங்கள் இருக்கிறதையும் மறந்து.
பத்தனையில் படித்த சேர்
ஐந்து வருசமும் என்னை வேறொருத்தியின் பெயரால் கூப்பிட்டார்.
வெள்ளம் வந்த கிழமை
எங்கள் கொப்பிகளை ஒவ்வொரு தாளாய்ப் பிரித்து
ஊதி ஊதிக் காயவைத்தவரும் அவர்தான்.

எழுதிக்கொண்டே போனோம்.
பெட்டிகள் போதவில்லை.
டிலக்சிகா சீப்பை எடுத்துத் தலையை வாரினாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில்
பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோல
இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.
நானும் மறைத்தேன்.
தபாற்கந்தோரில் பதிவுத் தபாலுக்குக் காசு கட்டி
துண்டுகளை மடித்து வைத்தோம்.
எதை முதலில் போட்டாய் என்று
அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சந்திக்கு வர அவளுடைய பின்சில்லுக்குக் காற்றில்லை.
ஒட்டுக்கடையில் விதுசன் நின்றான்,
முழங்கை வரைக்கும் கிறீஸ்,
காலில் பாட்டா.
எங்கள் கையிலிருந்த துண்டுகளைக் கண்டான்.
ஒன்றும் விசாரிக்கவில்லை.
பம்பை எடுக்கத் திரும்பியவன்
எங்களைப் பார்த்து,
"வெய்யிலுக்குள்ள ஏன் நிக்கிறியள்,
இஞ்சால வாங்கோ" என்றான்.